மனச்சோர்வு மாத்திரையும் தாம்பத்தியமும்: மூளையின் மேல் வேலை செய்யும் மருந்து இதற்கும் மருந்தாகுமா?

பங்சார்வாசி எழுதியது:

வணக்கம். இந்தக் களத்தைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. எனக்கு 41 வயது. கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். திருமணமாகிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன, இரண்டு பிள்ளைகள்.

சென்ற ஆண்டு அப்பா தவறிய பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று, பசி போயிற்று, கடைசியில் வேலைக்குப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டு கட்டிலிலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் நிலைக்கு வந்தேன். மனநல மருத்துவர், செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை 50 மில்லிகிராமில் தொடங்கி 100க்கு உயர்த்தினார். அந்த மாத்திரைதான் என்னை எழுப்பி நடக்க வைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து உடலில் வேறொன்று அணைந்துவிட்டது. நாட்டம் வருவதில்லை, வந்த அன்றும் உடல் ஒத்துழைப்பதில்லை, ஒத்துழைத்தாலும் உச்சம் என்பது எட்டாமலே போகிறது. என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது.

இரண்டு மாதங்களுக்கு முன் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். அட்டையை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, தினமும் ஒரு மாத்திரையைப் பிதுக்கிக் கழிவறையில் போட்டேன், மனைவி அட்டையை எண்ணிப் பார்ப்பாளோ என்ற பயத்தில். நான்காவது நாள் தலைக்குள் மின்சாரம் சொடுக்குவதுபோல் ஒன்று தொடங்கியது. பதினெட்டாவது நாள் ஃபெடரல் நெடுஞ்சாலையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, காரணமே இல்லாமல் அழுதேன். அன்று இரவே மறுபடியும் மாத்திரையைத் தொடங்கினேன். மருத்துவரிடம் இதுவரை சொல்லவில்லை.

என் கேள்வி இதுதான். மூளையின் மேல் வேலை செய்யும் ஒரு மருந்து இதைக் கெடுத்தது என்றால், மூளையின் மேல் வேலை செய்யும் இன்னொரு மருந்து இதைச் சரிசெய்யுமா? புப்ரோபியன் என்கிறார்கள், காளான் என்கிறார்கள், என்னென்னவோ படிக்கிறேன். எது உண்மை, எது கதை என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.


கெலுகோர் மருந்தாளுநர் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செர்ட்ரலினை இனி நீங்களாக நிறுத்தாதீர்கள். நெடுஞ்சாலையில் வண்டியை ஓரம் கட்டும் அறிவு அன்று உங்களுக்கு இருந்ததே பெரிய காரியம். தலைக்குள் மின்சாரம் சொடுக்கியதாகச் சொன்னீர்களே, அது இவ்வகை மருந்தைச் சட்டென்று விடும்போது வருவது. பலரும் ஏறக்குறைய இதே சொற்களில்தான் அதைச் சொல்வார்கள். கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் கையில் இருக்கட்டும்.

நான் பினாங்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்தகத்தின் முகப்பில் நின்றவன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். உங்களைப் போல் எத்தனையோ ஆண்களையும் பெண்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் இதை வாய் திறந்து சொன்னதில்லை. மாத்திரை வாங்க வருவதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். ஸ்பெயினில் நடந்து 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வை நான் மறப்பதில்லை. செர்ட்ரலின், ஃபுளுவாக்சிட்டின், பாராக்சிட்டின் போன்ற மருந்துகளை உட்கொண்ட 344 பேரில், தாமாக முன்வந்து பாலியல் கோளாற்றைச் சொன்னவர்கள் 14 விழுக்காடு. மருத்துவர் நேரடியாகக் கேட்டபோது சொன்னவர்கள் 58 விழுக்காடு. அதே நோயாளிகள், அதே மருந்துகள்; கேட்டதும் கேட்காததும் மட்டுமே வேறுபாடு. அதே குழு 2001இல் 1,022 பேரைக் கேட்டபோது மொத்தத்தில் 59 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு பாலியல் கோளாறு இருந்தது. செர்ட்ரலினுக்கு ஏறத்தாழ 63, பாராக்சிட்டினுக்கு 71. ஆனால் வேறு வகை மனச்சோர்வு மருந்துகளான மிர்ட்டாசபினுக்கு 24, மொக்லோபிமைடுக்கு 4. ஆகவே இது உங்கள் ஆண்மையின் குறையுமன்று, மனைவிமேல் அன்பு குறைந்ததுமன்று. மருந்துக்கு மருந்து மாறுபடும் ஒரு வேதியியல் விளைவு.

எப்படி நடக்கிறது என்று கேட்டால், கடிவாளமும் சவுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களில், பாலுறவு விஷயத்தில் செரோட்டோனின் பெரும்பாலும் கடிவாளம். டோப்பமினும் நோரட்ரினலினும் சவுக்கு. உங்கள் மாத்திரை செரோட்டோனினைக் கூட்டுகிறது. அது மனத்துயரத்தைத் தணிக்கும் அதே நேரத்தில் இந்தக் கடிவாளத்தையும் இறுக்குகிறது, டோப்பமினையும் சற்று அடக்குகிறது.

இதில் விந்தை என்னவென்றால், கடிவாளம் தளர்ந்தவர்களுக்கு இதே விளைவுதான் மருந்து. விந்து முந்தும் ஆண்களுக்கு க்ளோமிப்ரமின் என்ற பழைய மனச்சோர்வு மருந்து உதவுகிறது என்று 1973இலேயே எழுதியிருக்கிறார்கள். 1994இல் நெதர்லாந்தில் பாராக்சிட்டினை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். அதன் பிறகு இதற்கென்றே வந்த டப்பாக்சிட்டின், உறவுக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்கு முன் போட்டுக்கொண்டால் வேகமாக ஏறி வேகமாக இறங்கும் மாத்திரை, 2009இல் பின்லாந்திலும் சுவீடனிலும் முதலில் ஒப்புதல் பெற்றது. அமெரிக்காவில் இன்றுவரை ஒப்புதல் இல்லை. அதைப் போட்டதும் சிலர் மயங்கி விழுவதுண்டு. செர்ட்ரலினோடு சேர்த்துப் போடவே கூடாது. ஆகவே மூளை மருந்து பாலியல் சிகிச்சையாகுமா என்ற உங்கள் கேள்விக்கு, சிலருக்கு ஏற்கெனவே ஆகியிருக்கிறது என்பதே பதில். உங்களுக்கு வேண்டியது எதிர்த் திசை. புப்ரோபியனைப் பற்றி நாளை எழுதுகிறேன், கண் ஒத்துழைக்கவில்லை.


செந்தூல் தம்பி எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நானும் சொல்கிறேன். நான் மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவன் அல்லன். ஹெராயினை விட்டு, அதற்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோன் என்ற மருந்தில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். காலையில் கிளினிக்கில் வரிசையில் நின்று, சின்ன பிளாஸ்டிக் குவளையில் ஊற்றிக் கொடுக்கும் மருந்தைத் தாதியின் முன்னாலேயே குடித்துவிட்டு, விழுங்கிவிட்டேன் என்று காட்டுவதற்காக அவரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வேலைக்குப் போவேன். அந்த மருந்தால்தான் எனக்கு வேலையும் திருமணமும் அமைந்தன. அதே மருந்தால் அந்தத் திருமணம் இப்போது ஆட்டம் காண்கிறது.

என்னோடு வரிசையில் நிற்கும் ஆட்களிடமும் இதே கதைதான். ஒருவர் இதைச் சரிசெய்ய ஐஸ் என்ற போதைப்பொருளை (மெத்தம்ஃபெட்டமின்) எடுக்கத் தொடங்கினார்; இரண்டு மாதம் ராஜா போல் பேசினார், பிறகு எல்லாவற்றையும் இழந்தார். அவர் வரிசையில் நிற்கும் இடத்தில் இப்போது வேறொருவர் நிற்கிறார். பங்சார் அண்ணன் கேட்ட கேள்வி எங்களுக்கும் பொருந்துமா?


கெலுகோர் மருந்தாளுநர் எழுதியது:

செந்தூல் தம்பிக்கு மிகவும் பொருந்தும். நம் நாட்டிலேயே, கோலாலம்பூரிலேயே, அதற்கு ஆய்வு நடந்திருக்கிறது என்பதால் முதலில் அதையே சொல்கிறேன்.

மெத்தடோன் திட்டம் மலேசியாவில் 2005இல் தொடங்கியது. மலாயாப் பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர்கள் உலக ஆய்வுகளைத் திரட்டி 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, மெத்தடோன் எடுக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அதாவது 52 விழுக்காட்டினருக்கு, பாலியல் செயற்குறை இருக்கிறது. ஓப்பியம் வகை மருந்துகள் மூளையின் கட்டளையைத் தடுத்து டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பது இதற்கு ஒரு காரணம். அதே குழுவினர் பிறகு மெத்தடோன் எடுக்கும் 80 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புப்ரோபியனும் மற்றதற்கு வெற்று மாத்திரையும் 6 வாரங்களுக்குக் கொடுத்தார்கள்; யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, உண்டவருக்கும் தெரியாது. புப்ரோபியன் பிரிவில் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. 2018இல் வெளிவந்தது. நம் ஊர் ஆண்கள், நம் ஊர் மருத்துவமனை, நாம் வாய்விட்டுப் பேசக் கூசும் ஒரு விஷயம். எனக்கு அது பெருமையாக இருக்கிறது. தம்பி, உங்கள் கிளினிக்கில் கேளுங்கள். கேட்கும்போது டெஸ்டோஸ்டிரோன் இரத்தப் பரிசோதனையையும் காலை வேளையில் எடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் காலையில்தான் அதன் அளவு உச்சத்தில் இருக்கும்.

இனி புப்ரோபியன் என்ற மருந்தின் கதை. இது செரோட்டோனினைத் தொடுவதில்லை. டோப்பமினையும் நோரட்ரினலினையும் கூட்டுகிறது. நான் சொன்ன சவுக்கு இதுதான். அமெரிக்காவில் 1985இல் மனச்சோர்வுக்கு ஒப்புதல் பெற்று, சிலருக்கு வலிப்பு வந்ததால் 1986இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டு, அளவு குறைக்கப்பட்டு 1989இல் திரும்பி வந்தது. பின்னர் புகைபிடிப்பதை விடுவதற்கும் பயன்பட்டது. இடையில் 1987இல், மனச்சோர்வே இல்லாத, ஆனால் பாலியல் நாட்டம் குன்றிய 60 ஆண்களுக்கும் பெண்களுக்கும் இதை 12 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து உண்டவர்களில் 63 விழுக்காட்டினர் முன்னேறினர். வெற்று மாத்திரை உண்டவர்களில் 3 விழுக்காடு. இவ்வளவு பெரிய இடைவெளி பிந்தைய ஆய்வுகளில் வரவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். உங்களைப் போல் செர்ட்ரலின் வகை மருந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நாளுக்கு ஒருமுறை 150 மில்லிகிராம் கொடுத்த ஆய்வு வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. நாளுக்கு இருமுறை 150 கொடுத்தவைதான் பயன் காட்டின. அளவு கூடினால் வலிப்பு அபாயமும் கூடும் என்பது இதன் மறுபக்கம். வலிப்பு வரலாறு உள்ளவர், உண்பதும் வாந்தி எடுப்பதுமான கோளாறு உள்ளவர், குடியைத் திடீரென்று விடுபவர் ஆகியோர் இதைத் தொடவே கூடாது. பங்சார் தம்பி, சின்ன வயதில் வலிப்பு வந்ததுண்டா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சவுக்கு என்றதும் டோப்பமினைக் கூட்டும் எதுவும் நல்லது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பார்க்கின்சன் நோய்க்கு டோப்பமின் மருந்து உண்பவர்கள் சிலர் அடக்க முடியாத காமத்துக்கும் சூதாட்டத்துக்கும் ஆளாகிக் குடும்பத்தை இழந்திருக்கிறார்கள். செந்தூல் தம்பி சொன்ன ஐஸும் அதே கதவைத்தான் உதைத்துத் திறக்கிறது, பூட்டையே உடைத்துவிடுகிறது.


புக்கிட் மெர்த்தாஜாம் மகள் எழுதியது:

எல்லாரும் ஆண்களைப் பற்றியே எழுதுகிறீர்கள் என்பதை மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன். எனக்கு 36 வயது. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு வந்த மனச்சோர்வுக்காக மூன்று ஆண்டுகளாக ஃபுளுவாக்சிட்டின் எடுக்கிறேன். எனக்கும் நாட்டம் அறவே போய்விட்டது. நானாக வாய் திறந்து ஒரு மருத்துவரிடம் சொன்னபோது, "இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டனவே, இன்னும் என்ன கவலை?" என்று சிரித்துவிட்டு அடுத்த எண்ணை அழைத்தார். என் கையில் எண் சீட்டு கசங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வெளியில் வந்தேன். அதன்பிறகு யாரிடமும் பேசவில்லை.

பங்சார் அண்ணன் மனைவி ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கேட்டால் அவருக்கு அவமானமாகிவிடுமோ என்று பயந்திருப்பார். நீங்கள் முதலில் சொல்லிவிடுங்கள் அண்ணா.

பெண்களுக்கு மருந்து இருக்கிறதா, ஐயா?


கெலுகோர் மருந்தாளுநர் எழுதியது:

மகளே, அந்த மருத்துவர் சொன்னது தவறு. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் ஹத்தா சிடி குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 230 மணமான மலேசியப் பெண்களில் 29.6 விழுக்காட்டினருக்குப் பாலியல் செயற்குறை இருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கம். ஆகவே இதற்குக் கவலைப்படும் உரிமை உங்களுக்கு நூற்றுக்கு நூறு உண்டு.

பெண்களுக்கென்று வந்த மூளை மருந்து ஃபிளிபன்செரின். இதன் பிறப்பே நம் தலைப்புக்குப் பொருத்தம்: மனச்சோர்வு மருந்தாக உருவாக்கப்பட்டு, அதில் தோற்றது, ஆனால் சோதனையில் இருந்த பெண்களுக்கு நாட்டம் சற்றுக் கூடியதைக் கவனித்தார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010இலும் 2013இலும் திருப்பி அனுப்பிவிட்டு, 2015 ஆகஸ்டில் மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு ஒப்புதல் தந்தது. தினமும் இரவு 100 மில்லிகிராம். பயன் எவ்வளவு என்று பார்த்தால், வெற்று மாத்திரையைவிட மாதத்தில் மனநிறைவான உறவு அரை முதல் ஒன்று வரையே கூடியது. மது அருந்தினால் இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். 2019இல் ஒப்புதல் பெற்ற பிரெமெலனோடைடு என்பது தொடையிலோ வயிற்றிலோ குத்திக்கொள்ளும் ஊசி. உறவுக்குக் குறைந்தது 45 நிமிடத்துக்கு முன். பத்தில் நான்கு பேருக்குக் குமட்டல்.

இவற்றை நம்பி நீங்கள் அலைய வேண்டாம் என்பது என் எண்ணம். உங்கள் சிக்கலுக்கு வேர் ஃபுளுவாக்சிட்டினாக இருக்கலாம். அப்படியென்றால் முதல் வேலை அதை மாற்ற முடியுமா, குறைக்க முடியுமா என்று பார்ப்பதுதான். மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டதால், மருந்து இன்னும் தேவையா என்ற கேள்வியே கூட நியாயமானதுதான். வேறு மருத்துவரைப் பாருங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மிகச் சிலருக்கு மருந்தை விட்ட பிறகும் இக்குறை நீடிக்கிறது. ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் இதை மருந்துப் பெட்டியோடு வரும் தகவல் தாளில் அச்சிடச் சொன்னது. பயமுறுத்தச் சொல்லவில்லை, தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்து பேசுவது நல்லது என்பதால் சொல்கிறேன்.


திறந்த கதவு எழுதியது:

மருந்தாளுநர் ஐயா எல்லாவற்றையும் சொன்னார், காளானை மட்டும் தொடவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரி 2024இல் வெளியிட்ட ஆய்வில், மாயக் காளானில் உள்ள சிலோசைபின் போன்றவற்றை எடுத்த ஏறக்குறைய 300 பேரைக் கேட்டபோது, பாலியல் இன்பம், நாட்டம், துணையோடு நெருக்கம் எல்லாம் ஆறு மாதம் வரை மேம்பட்டிருந்தன. பங்சார் அண்ணன் எடுக்கும் மருந்தின் இனத்தைச் சேர்ந்த எஸ்சிட்டலோபிராமோடு நேருக்கு நேர் ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். சிலோசைபின் பிரிவினர் முன்னேறினார்கள், மற்றவர்கள் முன்னேறவில்லை. ஒவ்வொரு நாளும் மாத்திரை விழுங்கி உடலை மரக்கட்டையாக்குவதைவிட, ஓரிரு முறையோடு முடியும் மருந்து மேலானதில்லையா?


கெலுகோர் மருந்தாளுநர் எழுதியது:

நீங்கள் சொன்ன ஆய்வு உண்மையானது, நான் முழுதும் படித்திருக்கிறேன். சொல்லாமல் விட்டதைச் சேர்த்துக்கொள்கிறேன். அந்த 300 பேரில் பெரும்பாலோர் தாமாகவே முன்வந்து எடுத்துவிட்டுப் படிவம் நிரப்பியவர்கள், எதிர்பார்ப்போடு போனவர்கள். எஸ்சிட்டலோபிராமோடு ஒப்பிட்ட சோதனை 2021இல் வெளிவந்தது. மொத்தமே 59 பேர். மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை, 25 மில்லிகிராம் அளந்து கொடுத்து, கண்ணை மூடிப் படுத்திருப்பவரின் அருகிலேயே பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்பும் பின்பும் மணிக்கணக்கில் பேச்சு. அங்கே பாலியல் முன்னேற்றம் மருந்தால் வந்ததா, மனச்சோர்வு விலகியதால் வந்ததா, யாரோ ஒருவர் நாள் முழுதும் நம் பேச்சைக் கேட்டதால் வந்ததா என்று பிரிக்க முடியாது. எனக்கு மூன்றாவதில் நம்பிக்கை அதிகம். அது என் சொந்தக் கருத்து.

ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும், வேறு சிகிச்சைக்கு வசப்படாத மனச்சோர்வுக்குச் சிலோசைபின் எழுதலாம் என்று விட்டிருக்கிறது. பாலியல் குறைக்காக எந்த நாடும் விடவில்லை. நம் நாட்டில் 1952ஆம் ஆண்டின் அபாயகரமான போதைப்பொருள் சட்டம் இருக்கிறது. கையில் காளானோடு பிடிபட்ட ஒருவரிடம் போலீஸ் ஆய்வுக் கட்டுரையைக் கேட்காது. வேலையும் பிள்ளைகளும் உள்ள ஒரு மனிதரிடம் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. அத்தோடு செர்ட்ரலின் உண்பவருக்குச் சிலோசைபினின் விளைவு மங்கிவிடக்கூடும். மங்குகிறதே என்று மாத்திரையை நிறுத்தினால் மறுபடியும் அந்த நெடுஞ்சாலை ஓரம்தான்.

இதற்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. 1960களில் பிரிட்டனில், சிலோசைபின் போலவே மாயத்தோற்றம் தரும் எல்.எஸ்.டி.யையும் ரிட்டாலின் என்ற ஊக்க மருந்தையும் கொடுத்துப் பெண்களின் நாட்டமின்மைக்குச் சிகிச்சை செய்தார்கள். பயன் கண்டதாக எழுதினார்கள், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மருந்துப் பிரிவு கிடையாது. அதே காலத்தில் ஓரினச் சேர்க்கையாளர்களை "மாற்றவும்" எல்.எஸ்.டி.யைக் கொடுத்த மருத்துவர்கள் இருந்தார்கள். நோய் எது என்று தீர்மானிப்பவர் யார் என்பதைக் கேட்காமல் மருந்தைப் பேசக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வரலாறுதான்.


பட்டர்வொர்த் லோரிக்காரர் எழுதியது:

எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் கெத்தும் (கிராட்டம்) இலைதான் மருந்து. பச்சை இலையைப் பானையில் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைத்து, கசப்பு தெரியாமல் இருக்க ஏதாவது சேர்த்து, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பார்கள். இரவு ஓட்டம் ஓடுபவர்கள் தூக்கத்துக்காகக் குடிப்பதில்லை, விழிப்புக்காகக் குடிப்பார்கள்; வீட்டுக்குப் போனால் "நேரம் நீளும்" என்றும் சொல்வார்கள். இரவுச் சந்தையில் விற்கும் ஆண்கள் கோப்பியும் உண்டு. ஒரு பாக்கெட் பத்து வெள்ளி. என் கூட்டாளி ஒருவர் அந்தக் கோப்பியைக் குடித்துவிட்டு, நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையையும் வைத்தார். மயங்கி விழுந்தவர் மருத்துவமனையில் மூன்று நாள் கிடந்தார். கோப்பியில் என்ன இருந்தது, ஐயா?


கெலுகோர் மருந்தாளுநர் எழுதியது:

அந்த ஒரு கோப்பியில் என்ன இருந்தது என்று சோதிக்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வகைக் கோப்பிகளிலும் தொங்கட் அலி மூலிகை உருண்டைகளிலும் சில்டெனஃபில் (வயாக்ரா), தடலஃபில் என்ற விறைப்பு மருந்துகளும் அவற்றின் திரிபுகளும் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. சில்டெனஃபிலும் நாக்கடி நைட்ரேட் மாத்திரையும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் கிணற்றில் கல் விழுவதுபோல் விழும். உங்கள் கூட்டாளி பிழைத்தது நல்லூழ். பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும், ஒளிபட்டால் நிறம் மாறும் ஒட்டுச் சீட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண் ஏ (A) என்ற எழுத்தில் முடிந்தால் அது மருத்துவர் அல்லது மருந்தாளுநர் வழியாகவே வர வேண்டிய மருந்து; டி (T) என்று முடிந்தால் பாரம்பரிய மருந்து.

கெத்தும் ஓப்பியத்தின் வாசல்களையே தொடுகிறது. அதனால்தான் நேரம் நீளும் என்கிறார்கள், ட்ரமாடால் என்ற வலி மாத்திரையைப் பற்றியும் அதே பேச்சு உண்டு. இங்கே எங்கள் தீவிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் கெத்தும் குடிப்பவர்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து வருகிறது. 2018இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு, தொடர்ந்து குடிப்பவர்களிடம் டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததாகக் காணவில்லை. ஆனால் சிறிய ஆய்வு அது. பழகியபின் விட முடியாமல் உடல் வலியும் தூக்கமின்மையும் வருவதையும் அவர்களேதான் எழுதியிருக்கிறார்கள். அதில் உள்ள மித்ராஜினின் நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருவது என்பதையும் மறக்க வேண்டாம்.


பங்சார்வாசி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மெர்த்தாஜாம் தங்கை சொன்னபடி முதலில் மனைவியிடம் சொன்னேன். பிள்ளைகள் உறங்கிய பிறகு, சமையலறையில், அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. குழாயை மூடினாள். "அலுவலகத்தில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்" என்றாள். ஏழு மாதமாக அதை மனத்தில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நான் இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

மருத்துவரிடம் இருவரும் போனோம். மாத்திரையை நிறுத்தியது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, "நானும் கேட்டிருக்க வேண்டும்" என்றார். புப்ரோபியனைப் பற்றிக் கேட்டேன். எட்டு வயது வரை எனக்கு வலிப்பு வந்து மருந்து சாப்பிட்டதை அம்மா நினைவுபடுத்தியிருந்தார். அதைக் கேட்டதும் மருத்துவர் அந்தப் பேச்சையே முடித்துவிட்டார். ஐயா, அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கச் சொல்லாவிட்டால் நான் அதைச் சொல்லியே இருக்க மாட்டேன்.

இரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 6.6 விழுக்காடு. நம் நாட்டு வழிகாட்டியில் 6.3 தொட்டாலே நீரிழிவு என்றார். அப்பாவுக்கும் இருந்தது. விறைப்புக் குறைவில் ஒரு பங்கு அந்தச் சர்க்கரையின் வேலையாகவும் இருக்கலாம், மாத்திரையின் மேல் மட்டும் பழி போட முடியாது என்றார். மிர்ட்டாசபின் எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடும் என்பதால் அதையும் தள்ளிவைத்தார். இப்போதைக்குச் செர்ட்ரலின் தொடர்கிறது, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சேர்ந்திருக்கிறது, வேண்டும்போது போட்டுக்கொள்ளச் சில்டெனஃபில் 50 எழுதியிருக்கிறார். இதயத்தைச் சோதித்து, நைட்ரேட் எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் எழுதினார்.

மூளையின் மேல் வேலை செய்யும் மருந்தைத் தேடி வந்தவனுக்கு, இரத்தக் குழாயின் மேல் வேலை செய்யும் மருந்து கிடைத்திருக்கிறது. இது செர்ட்ரலின் உண்பவர்களுக்கு உண்மையிலேயே உதவுமா, ஐயா?


கெலுகோர் மருந்தாளுநர் எழுதியது:

உதவும், தம்பி. 2003இல் உங்களைப் போன்ற 90 ஆண்களிடம் சோதித்தார்கள்: மனச்சோர்வு தணிந்திருந்தது, மருந்து தொடர்ந்தது, பாலியல் செயற்குறை இருந்தது. சில்டெனஃபில் பிரிவில் 54.5 விழுக்காட்டினர் நன்கு முன்னேறினர். வெற்று மாத்திரையில் 4.4. விறைப்புக்கு நன்றாகவும் உச்சத்துக்கு ஓரளவும் உதவும். நாட்டத்தை அது நேரே தூண்டாது. நாட்டத்துக்கு, நீங்கள் சமையலறையில் செய்தது அதைவிட வலிய மருந்தாக இருக்கும். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் போட்டால் ஏறத் தாமதமாகும். ஞாயிறு மட்டன் சாப்பிட்டுவிட்டுப் போட்டு, வேலை செய்யவில்லை என்று வருந்தாதீர்கள். முதல் முறை தோற்றால் விட்டுவிட வேண்டாம், பலருக்குச் சில முயற்சிகள் தேவைப்படும். நான்கு மணி நேரத்துக்கு மேல் தளராமல் இருந்தால் மட்டும், நள்ளிரவானாலும், வெட்கப்படாமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.


செந்தூல் தம்பி எழுதியது:

நானும் கேட்டுவிட்டேன். காலை எட்டரைக்கு இரத்தம் எடுத்தார்கள், முடிவு அடுத்த வாரம். தாதி அக்கா குவளையை வாங்கிக்கொண்டே, "இத்தனை ஆண்டில் இதைக் கேட்ட முதல் ஆள் நீதான்" என்றார். பின்னால் நின்ற இருவர் அதைக் கேட்டுவிட்டார்கள். வெளியில் வந்ததும் என் பின்னாலேயே வந்து, எந்தப் பரிசோதனை, பெயரை எழுதிக் கொடு என்றார்கள்.


புக்கிட் மெர்த்தாஜாம் மகள் எழுதியது:

புதன்கிழமை எனக்கு வேறொரு மருத்துவரோடு சந்திப்பு. பெண் மருத்துவர். பிள்ளையின் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிவிட்டேன், அங்கே போய் நாக்கு ஒட்டிக்கொண்டால் தாளை அப்படியே நீட்டிவிடலாம் என்று. முதல் வரி: "மூன்று ஆண்டுகளாக ஃபுளுவாக்சிட்டின் 20." இரண்டாம் வரி: "எனக்கு வலிப்பு வந்ததில்லை, அம்மாவிடம் கேட்டுவிட்டேன்." மூன்றாம் வரியை நான்கு முறை அடித்து எழுதினேன். இப்போது அதில் இருப்பது: "இரண்டு பிள்ளைகள் இருந்தாலும் எனக்கு இது வேண்டும்."